‘வேண்டாம்’ என்ற சொல் எங்கே வர வேண்டும்: வன்னியிலிருந்து பாதுகாப்பு ஆவணம் எழுதுதல்

ஒட்டுசுட்டானில் ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில், பழைய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியன் பணிசெயல் முறைமையை (இயங்குதளத்தை) நிறுவி, உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களைத் தரவிறக்கிக்கொள்வதற்கான சிறிய சேவையகமாக நாங்கள் அதனை நடத்தி வந்தோம். நான் கிளிநொச்சியில் இருந்தபடியே, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக அதனைப் பராமரிப்பேன். ஒருநாள் மாலை, வழிகாட்டி ஒன்றைப் பின்பற்றி, கடவுச்சொல்லால் உள்நுழைவதை முடக்கி, திறப்புச் சோடி (சாவிச் சோடி: ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு சிறு கோப்புகள்) வைத்திருப்பவர் மட்டுமே உள்நுழையலாம் என்று அமைப்பை மாற்றினேன். சேவையை மீள இயக்கினேன், சாளரத்தை மூடினேன், மறுபடி நுழைய முயன்றபோது சேவையகம் என்னை ஏற்கவில்லை. மறுநாள் காலை மாங்குளத்தில் பஸ் மாறி ஒட்டுசுட்டானுக்குப் போய், வாசிகசாலைத் திறப்பு வைத்திருக்கும் ஐயாவைத் தேடிப்பிடித்து, அந்தக் கணினியின் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்த பின்னர்தான் காரணம் தெரிந்தது.

பிள்ளைகள் கோப்புகளை இலகுவாகப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று, எனது முகப்பு அடைவில் (என் கணக்குக்குரிய கோப்புகள் இருக்கும் இடத்தில்) குழுவிலுள்ள எல்லோரும் எழுதலாம் என்ற அனுமதியைச் சில மாதங்களுக்கு முன்னர் கொடுத்திருந்தேன். பிறர் எழுதக்கூடிய அடைவில் வைக்கப்பட்டிருக்கும் திறப்பை எஸ்.எஸ்.எச். சேவையகம் நம்புவதில்லை, ஏனென்றால் அங்கே எழுத முடிந்த எவரும் அந்தத் திறப்பை எடுத்துவிட்டுத் தமது திறப்பை வைத்துவிடலாம். ஆகவே சேவையகம் செய்தது சரி. வழிகாட்டியில் இருந்த கட்டளைகளும் எழுத்துப் பிசகாமல் சரியாகவே இருந்தன. அதில் இல்லாமற் போனது ஒரேயொரு வாக்கியம்: ‘இந்தச் சாளரத்தை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு சாளரத்தைத் திறந்து, புதிய திறப்பால் உள்நுழைய முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.’ அந்த வாக்கியம் இருந்திருந்தால் பிழையை நான் கிளிநொச்சியிலேயே கண்டிருப்பேன்.

திறந்த மூலப் பணிசெயல் முறைமை ஒன்றின் பாதுகாப்பு என்றதும் நிரலாளர்களையே எல்லோரும் நினைக்கின்றனர். ஓட்டையைக் கண்டுபிடிப்பவரும் அதனை அடைப்பவரும் முக்கியமானவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் எங்கோ அடைக்கப்பட்ட ஓட்டை இந்த வாசிகசாலைக் கணினியிலும் அடைபட வேண்டுமானால், அதனைப் பார்த்துக்கொள்பவர் என்ன செய்ய வேண்டும், எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும், செய்தது பலித்ததா என்பதை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பவற்றை யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்திருப்பதால், புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணினிகளை வைத்திருக்கும் எங்களைப் போன்ற இடங்களுக்கு லினக்ஸ் இன்று விருப்பத்தை விடவும் தேவையாகவே ஆகியிருக்கிறது. அதனோடு சேர்ந்து இந்த ஆவணங்களின் தேவையும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அவற்றைத் தமிழில் எழுதும் வேலையில் நாங்கள் ஈடுபட்டிருக்கிறோம்.

இதற்கு முன்னோடியாக நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது டெபியனையே. 1993 ஓகஸ்டில் இயன் மர்டொக் தொடங்கிய இத்திட்டத்திற்கென ஒரு பாதுகாப்புக் கைநூல் உண்டு. 2000ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ரீல்சன் எழுதிய சிறு வழிகாட்டியே அதன் வித்து. அதனைப் பல ஆண்டுகளாக வளர்த்தவர் ஹவியர் பெர்னாண்டஸ்-சாங்கினோ பேன்யா. நிறுவுவதற்கு முன்னர் என்ன, நிறுவிய பின்னர் என்ன, ஒவ்வொரு சேவைக்கும் என்ன, ஊடுருவல் நடந்துவிட்டால் என்ன என்று, ஒரு கணினியின் வாழ்நாளைத் தொடர்ந்து போகும் ஒழுங்கில் அது அமைந்திருக்கிறது. ஜி.பி.எல். என்னும் திறந்த உரிமத்தில் வெளியானதால் அதனை மொழிபெயர்க்கவும் மாற்றி எழுதவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதைத் தவிர, முக்கியமான ஓட்டை ஒன்று அடைக்கப்படும்போது டெபியனின் பாதுகாப்புக் குழு ஓர் அறிவித்தல் வெளியிடுகிறது. எந்த மென்பொருட் பொதி, எந்தக் குறை, எந்தப் பதிப்பில் திருத்தப்பட்டது என்பனவற்றைச் சொல்லும் சுருக்கமான ஆவணம் அது.

அத்தகைய அறிவித்தல் ஒன்று, நிரலைத் திருத்துவதால் மட்டும் ஒரு பிரச்சினை தீராது என்பதை 2008 மே 13ஆம் திகதி உலகுக்குக் காட்டியது. 2006ஆம் ஆண்டில், திறப்புகளை உருவாக்க உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளின் டெபியன் பொதியில், சோதனைக் கருவி ஒன்று குறை சொன்னது என்பதற்காகச் சில வரிகள் நீக்கப்பட்டிருந்தன. அவ்வரிகள் போனதும், திறப்புகளை உருவாக்கப் பயன்படுகின்ற, எதிர்வுகூற முடியாததாக இருக்க வேண்டிய எழுமாற்று எண்கள், ஓடிக்கொண்டிருக்கும் செயன்முறைக்குக் கணினி கொடுக்கும் எண்ணை மட்டுமே நம்பியிருக்கும் நிலைக்கு வந்தன. அவ்வெண்ணின் உச்ச வரம்பு 32,768. அதாவது ஒரே வகைக் கணினியில் உருவான, ஒரே வகையும் ஒரே நீளமும் கொண்ட திறப்புகளில் அவ்வளவு வேறுபாடுகளே இருக்க முடியும். ஒருவர் அவை அனைத்தையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். டெபியனைச் சேர்ந்த லுசியானோ பெல்லோ இதனைக் கண்டுபிடித்தார். திருத்திய பொதி உடனே வெளியானது. ஆனால் பொதியை மாற்றிய பின்னரும் பழைய திறப்புகள் பலவீனமாகவே இருந்தன. அவை டெபியன் அல்லாத கணினிகளுக்கும் எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. டி.எஸ்.ஏ. வகைத் திறப்புகளைப் பொறுத்தவரை, வேறெங்கோ நல்ல முறையில் உருவாக்கப்பட்டதாயினும், பாதிக்கப்பட்ட கணினியில் ஒருமுறை பயன்படுத்தியிருந்தாலே அது கெட்டுப்போனதாகக் கருத வேண்டியிருந்தது. இவற்றை நிரலால் சொல்ல முடியாது. எந்த மென்பொருளின் திறப்பை எப்படி மாற்றுவது என்று ஒவ்வொன்றாக விளக்கும் பக்கமொன்றைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். அந்தத் திருத்தத்தின் பெரும் பகுதி அப்பக்கத்தில்தான் இருந்தது என்பது என் துணிபு. அந்த மே மாதத்தில் வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தது. இந்தச் செய்தியை நான் படித்தது வெகு காலத்துக்குப் பின்னர்.

நிரல் பழுதானால் அது பெரும்பாலும் பிழைச் செய்தியைக் காட்டும். ஆவணம் பழசாகும்போது எந்தச் சத்தமும் வருவதில்லை. இந்த வேலையின் மிகக் கடினமான பக்கம் இதுவே என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2021இல் வெளியான டெபியன் 11இல், பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேரும் களஞ்சியத்தின் பெயரமைப்பு மாறியது. அதுவரை பதிப்பின் பெயருக்குப் பின்னால் சாய்கோடிட்டு ‘அப்டேட்ஸ்’ என்று இருந்தது, சிறுகோடிட்டு ‘செக்யூரிட்டி’ என்றாயிற்று. வெளியீட்டுக் குறிப்பில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் பழைய வழிகாட்டியை வைத்துக்கொண்டு, பதிப்பின் பெயரை மட்டும் மாற்றித் தரமுயர்த்தியவருக்கு, அப்படியொரு களஞ்சியம் இல்லை என்ற பிழைச் செய்தி வரும். அவர் பொறுமையிழந்து அந்த வரிக்கு முன்னால் ஒரு வேலிக்குறியை (#) இட்டு அதனைச் செயலற்றதாக்கினால் பிழைச் செய்தி மறைந்துவிடும். அன்றிலிருந்து அந்தக் கணினிக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தமும் வராது; அதை அவருக்குச் சொல்வாரும் இல்லை. நாங்கள் பார்த்த கணினிகளில் இரண்டு இப்படியே இருந்தன.

எனக்கு நேர்ந்த எஸ்.எஸ்.எச். விடயத்திலும் இதுபோன்ற இன்னொரு பொறி உண்டு. கடவுச்சொல் நுழைவை முடக்கும் வரியை முதன்மை அமைப்புக் கோப்பில் எழுதச் சொல்லும் வழிகாட்டிகள் ஏராளம். டெபியனை அடியாகக் கொண்ட உபுண்டுவின் 20.04 பதிப்பு, டெபியன் 11 ஆகியவற்றிலிருந்து, அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே துணை அடைவொன்றிலுள்ள சிறு கோப்புகளையும் சேர்த்து வாசிக்கும்படி ஒரு வரி இருக்கிறது, எஸ்.எஸ்.எச். சேவையகமோ ஓர் அமைப்புக்கு முதலில் கிடைக்கும் பெறுமானத்தையே ஏற்கும். ஆகவே துணை அடைவிலுள்ள கோப்பொன்று கடவுச்சொல் நுழைவை அனுமதித்திருந்தால், கீழே நாம் எழுதிய தடை கணக்கில் வராது. பயனர் தடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார், கதவோ திறந்தே கிடக்கும். எனவே நல்ல ஆவணம், எதை எழுத வேண்டும் என்பதோடு நின்றுவிடாமல், சேவையகம் உண்மையில் எந்த அமைப்புகளோடு இயங்குகிறது என்பதை அச்சிட்டுக் காட்டும் கட்டளையையும் கொடுத்து, அதன் வெளியீட்டில் எந்த வரியைத் தேட வேண்டும் என்றும் சொல்லும். அறிவுரையே மாறிவிடுவதும் உண்டு. கடவுச்சொற்களைக் குறித்த கால இடைவெளியில் கட்டாயமாக மாற்றச் சொல்ல வேண்டியதில்லை என்று தொழினுட்ப நியமங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2017இல் வழிகாட்டல் வெளியிட்ட பின்னரும், ‘90 நாளுக்கு ஒருமுறை மாற்றுக’ என்ற வரி இன்னும் எத்தனையோ ஆவணங்களில் உயிரோடிருக்கிறது. இதனால் எங்கள் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எந்தப் பதிப்பில், எந்தத் திகதியில், எந்தக் கணினியில் சோதிக்கப்பட்டது என்று எழுதுகிறோம். சோதிக்காத வரியை அகற்றிவிடுவதே எங்கள் வழக்கம்.

இனி மொழிக்கு வருகிறேன். பாதுகாப்பு ஆவணத்தைத் தமிழில் எழுதுவதில் கலைச்சொல்லே பெரிய இடர் என்று தொடக்கத்தில் நானும் எண்ணியிருந்தேன். சொல்லை விட வாக்கிய அமைப்பு ஆபத்தானது என்பதை விசுவமடுவில் ஒரு மாணவன் எனக்குக் கற்றுத் தந்தான். வட்டை மறைகுறியாக்குவது (கடவுத்தொடர் இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றுவது) பற்றிய எங்கள் வரைவில், நிறப்பெட்டிக்குள் ஒரு கட்டளையும் அதற்குப் பின்னால் ‘என்பதை, காப்புப்பிரதி எடுக்காத வட்டில் இயக்க வேண்டாம்’ என்ற தொடர்ச்சியும் இருந்தன. அவன் பெட்டியைக் கண்டதும் கட்டளையைப் பிரதிபண்ணி, ஒட்டி, உறுதிப்படுத்தலும் கொடுத்துவிட்டான். ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு அவன் கண் போய்ச் சேர்வதற்குள் பென்டிரைவ் வெறுமையாகிவிட்டது. அதிலிருந்தவை பழைய வினாத்தாள்கள் மாத்திரம் என்பதால் இழப்பு பெரிதாக இல்லை.

தமிழில் வினைமுற்று இறுதியில் வருகிறது. மறுப்பும் வினையோடு ஒட்டிக்கொண்டு இறுதியிலேயே வருகிறது. கதை சொல்லும்போது அது அழகு. கைகள் விசைப்பலகையில் இருக்கும் ஒருவருக்கு எழுதும்போது அந்த அழகு அவரைக் காப்பாற்றாது. ஆங்கில மூலத்தில் தடைச்சொல் முதலில் வருவதால், அதனை வரிக்கு வரி தமிழாக்குபவர் எச்சரிக்கையைத் தன்னையறியாமலே வாக்கியத்தின் வாலுக்குத் தள்ளிவிடுகிறார். அன்றிலிருந்து நாங்கள் எச்சரிக்கையைத் தனி வாக்கியமாக, கட்டளைக்கு மேலே, வினைமுற்றோடு முடித்துவிடுகிறோம்: ‘இந்த வட்டில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும். காப்புப்பிரதி இல்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள்.’ அதன் பிறகே கட்டளை வரும். அதேபோல ‘வேண்டும்’ என்ற ஒரே சொல் கட்டாயத்தையும் பரிந்துரையையும் சுமப்பதால், ‘கட்டாயம் செய்ய வேண்டும்’, ‘செய்வது நல்லது’, ‘விரும்பினால் செய்யலாம்’ என்று மூன்று படிகளை வகுத்து, அவற்றை மாற்றாமல் ஆவணம் முழுவதும் பயன்படுத்துகிறோம். இணைய நெறிமுறைகளை எழுதுவோர் 1997ஆம் ஆண்டிலேயே தமது மொழியில் இப்படியொரு வரையறையைச் செய்துகொண்டனர்.

சொற்களிலும் இடர் இல்லாமல் இல்லை. எங்களுக்குத் திறப்பு என்பது பூட்டைத் திறக்கும் பொருள். தமிழ்நாட்டு வாசகருக்கு அது திறத்தல் என்னும் செயல். அவர்கள் சாவி என்பார்கள். ‘உங்கள் பொதுத் திறப்பை எல்லோருக்கும் கொடுக்கலாம், தனித் திறப்பை எவருக்கும் கொடுக்காதீர்கள்’ என்ற வாக்கியம் வன்னியில் ஒரு விளக்கமும் இல்லாமல் புரிகிறது, மதுரையில் குழப்பலாம். எங்கள் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்பதை அங்கே இயங்குதளம் என்கிறார்கள். ஒரு பொதுத் தமிழைத் தேடி இரு பக்கத்தாருக்கும் அந்நியமான சொல்லை உருவாக்குவதை விட, முதல் தடவை இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பின்னர் எங்கள் சொல்லிலேயே தொடர்வது நல்லது என்று முடிவெடுத்தோம்.

‘பாதுகாப்பு’ என்ற சொல்லே இங்கு வேறு விதமாகக் கேட்கிறது. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்குப் பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு போன மக்கள், அங்கேயே எறிகணைகளுக்குப் பலியாயினர். அந்த நினைவோடிருக்கும் வாசகரிடம் ‘இவ்வமைப்பு பாதுகாப்பானது’ என்று எழுதினால், யாரிடமிருந்து என்று அவர் கேட்பார். அது மிகச் சரியான கேள்வி. பாதுகாப்புத் துறையினர் எந்த ஆவணத்தையும் தொடங்க வேண்டிய கேள்வியும் அதுவே. ஆகவே ‘பாதுகாப்பான’ என்ற பெயரடையை நாங்கள் தனியே பயன்படுத்துவதில்லை. எதனை, யாரிடமிருந்து, எந்த நிலைமையில் காக்கிறது, எந்த நிலைமையில் காக்காது என்று விரித்து எழுதுகிறோம். பக்கம் நீள்கிறது. நீளட்டும்.

மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, இங்கிருப்பவர்களே எழுத வேண்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், வன்னியின் நிலைமைகள் மூல ஆவணத்தை எழுதியவரின் மனதில் இருந்திருக்க முடியாது என்பதாகும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், இற்றைப்படுத்தல் நடந்துகொண்டிருக்கும்போதே கணினி அணைந்துபோவது வழமையாயிற்று. பொதிகள் பாதி அமைக்கப்பட்ட நிலையில் நின்றுவிட்டால், அதைச் சரிசெய்யும் வரை டெபியன் அடுத்த பொதியை நிறுவ மறுக்கும். நின்ற இடத்திலிருந்து தொடரச் செய்ய ஒரு வரிக் கட்டளை போதும். வெளியூர் வழிகாட்டிகளில் அது எங்கோ பிற்சேர்க்கையில் இருக்கும். எங்கள் ஆவணத்தில் இற்றைப்படுத்தல் பக்கத்தின் முதற் பந்தியில் இருக்கிறது. இணையத் தரவுக்கான செலவும் அப்படித்தான். இற்றைப்படுத்தல்களை இரவில் தரவிறக்க மட்டும் செய்து, பகலில் ஆள் இருக்கும்போது நிறுவலாம். ஓர் அறையில் ஐந்து கணினிகள் இருந்தால் ஒன்று தரவிறக்கியதை மற்றவை வாங்கிக்கொள்ளலாம். பொதிகளின் பட்டியல் இலக்கமுறைக் கையொப்பம் இடப்பட்டிருப்பதால், இடையிலுள்ள கணினி பொதியொன்றை மாற்றியிருந்தால் சரிபார்ப்பின்போது அது பிடிபடும்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஓர் அம்மா கொண்டுவந்த பிளாஸ்டிக் பை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி அவர் கொடுத்த முறைப்பாடுகள், அவற்றுக்கான பதில்கள், மகனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடப் படம் ஆகியவை அதற்குள் இருந்தன. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் நடத்திய உறவுகளில் அவரும் ஒருவர். எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி, பிறர் பார்க்க முடியாதபடி வைத்துத் தருமாறு கேட்டார். கைநூல்கள் இதற்கு முழு வட்டு மறைகுறியாக்கத்தைப் பரிந்துரைக்கும். லினக்ஸில் லக்ஸ் என்னும் முறை அதற்காகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கைநூல்கள் மனதில் வைத்திருப்பது மடிக்கணினியைத் திருடும் கள்வனை. இந்த அம்மா இடப்பெயர்வில் ஒருமுறை எல்லா ஆவணங்களையும் இழந்து, ஒவ்வொன்றாக மீண்டும் பெற்றவர். கடவுத்தொடர் மறந்துபோனால், உலகில் எவராலும் அந்த வட்டைத் திறக்க முடியாது. அவருக்கு அது இன்னுமோர் இழப்பாகும்.

எனவே எங்கள் பக்கம் மறைகுறியாக்கத்தில் தொடங்குவதில்லை. முதலில் இரண்டு பிரதிகள், இரண்டு வெவ்வேறு வீடுகளில். அதன் பின்னரே பூட்டு. லக்ஸ் முறையின் முதற் பதிப்பில் எட்டு, இரண்டாம் பதிப்பில் 32 வரையிலான கடவுத்தொடர்களை ஒரே வட்டுக்கு வைக்கலாம் என்பதால், இரண்டாவது கடவுத்தொடர் ஒன்றை உருவாக்கி, நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் தாளில் எழுதிக் கொடுத்து வைக்கும்படி சொல்கிறோம். தாளில் எழுதக்கூடாது என்ற பழைய விதியை அறிந்தே மீறுகிறோம். ஏன் மீறுகிறோம் என்பதையும் அந்த இடத்திலேயே எழுதியிருக்கிறோம்.

எழுதுபவரை எப்படி நம்புவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2024 மார்ச் 29ஆம் திகதி, அன்ட்ரெஸ் ஃப்ரொய்ண்ட் என்ற நிரலாளர், எஸ்.எஸ்.எச். நுழைவு சுமார் அரை வினாடி தாமதிப்பதைத் துருவிப் பார்த்ததில், எக்ஸ்.இசட். என்னும் சுருக்கல் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவொன்று வைக்கப்பட்டிருந்ததை வெளிப்படுத்தினார். அதனை வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்ல பங்களிப்பாளராக நடந்து நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தார். டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டவில்லை. சோதனைப் பதிப்புகளை எட்டியிருந்தது. ஆவணத்திலும் இது நடக்கலாம். ஒரு கட்டளையில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும், வாசகர் தன் கையாலேயே கதவைத் திறந்து வைப்பார். தமிழில் சரிபார்ப்பவர்கள் சிலரே என்பதால் எங்களுக்கு இந்த ஆபத்துக் கூடுதல். ஆகவே கட்டளைகளை எவரும் தட்டச்சுச் செய்வதில்லை. மூல ஆவணத்திலிருந்து மாறாமல் எடுக்கப்பட்ட தனிக் கோப்பிலிருந்து அவை தாமாகவே பக்கத்தில் வந்து சேர்கின்றன. விளக்கத்தை எழுதியவரைத் தவிர இன்னும் இருவர் பார்க்காமல் ஒரு பக்கமும் வெளியாவதில்லை. அதனால் வேலை மெதுவாகவே நகர்கிறது.

அந்த இருவரில் ஒருவர், இந்த விடயம் தெரியாதவராக இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. கடந்த மாதம், எஸ்.எஸ்.எச். பக்கத்தின் புதிய வரைவை, உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் ஒரு தங்கச்சி பழைய கணினியொன்றில் வரி வரியாகச் செய்து பார்த்தார். இரண்டாவது சாளரம் பற்றிய வாக்கியம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுத்த வரியில் ‘மாற்றத்தைச் சேமித்த பின் மீள இயக்குக’ என்றிருந்தது. அவர் கையை எடுத்துவிட்டு, “எதை அண்ணா, சேவையையா, கம்ப்யூட்டரையா?” என்று கேட்டார். கணினியை மீள இயக்கினால் முதற் சாளரம் மூடிவிடும். அதைத் திறந்து வைக்கச் சொல்லித்தான் இரண்டு பந்திகள் எழுதியிருந்தோம். அந்த வரி இப்போது ‘எஸ்.எஸ்.எச். சேவையை மட்டும் மீள இயக்குக; கணினியை அணைக்க வேண்டியதில்லை’ என்றிருக்கிறது. அதையும் அவரே இன்னொரு முறை செய்து பார்த்த பின்னரே சேர்த்தோம்.